ஓவியக் கல்லூரியில் என்னென்ன இளநிலைப் படிப்புகள் உண்டு?

கேட்டவர் ஒரு தந்தை. மகள் +2 வணிகவியல் பிரிவை முடிக்கப்போகிறாள். சின்ன வயதிலிருந்தே வரைகிறாள். சென்னை ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்கிறாள். அங்கே ஓவியம் தவிர வேறு என்ன பட்டப்படிப்புகள் உண்டு, எதை எடுத்தால் நல்லது, கணக்கும் அறிவியலும் படிக்காதது தடையாகுமா, முடித்தால் வேலை கிடைக்குமா என்பவை அவருடைய கேள்விகள். இதே கேள்விகளோடு ஒவ்வொரு மே மாதமும் பல பெற்றோர் அலைவதால், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அவசரக் கேள்விக்குப் பதில். வணிகவியல் படித்தது தடை இல்லை. பி.எஃப்.ஏ. என்கிற நுண்கலை இளநிலைப் பட்டத்துக்கு +2 தேர்ச்சிதான் அடிப்படை. அதற்குமேல் அவர்கள் பார்ப்பது மகளின் கையைத்தான். கணக்கு கட்டாயம் என்று நீங்கள் கேள்விப்பட்டது பி.ஆர்க். என்கிற கட்டடக்கலைப் படிப்பைப் பற்றியதாக இருக்கும். அது ஐந்து ஆண்டுப் படிப்பு. +2-வில் கணக்கு வேண்டும். அதற்கு 'நாட்டா' போன்ற தனி நுழைவுத் தேர்வும் உண்டு. 'வரையத் தெரியும்' என்பது இரண்டுக்கும் பொது என்பதால் நிறைய பேர் இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்று மூன்று ஆண்டுப் படிப்பு இருக்கிறது. கேமரா, எடிட்டிங், ஊடகம், விளம்பரம் என்று அது போகும். கவின் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ.வின் ஒரு பிரிவாக இருக்கும் காட்சிவழித் தகவல் வடிவமைப்பும் பேச்சு வழக்கில் 'விஸ்காம்' தான். ஆனால் இது நான்கு ஆண்டு. அடித்தளம் முழுக்க வரைதலும் வடிவமைப்பும். 'விஸ்காம் சீட் கிடைத்துவிட்டது' என்று யாராவது சொன்னால், எந்த விஸ்காம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சென்னைக்கு வருவோம். எழும்பூர் பக்கம், பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியைத்தான் எல்லோரும் ஓவியக் கல்லூரி என்கிறோம். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கியது. ஓரிரு ஆண்டிலேயே அரசு எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் அது ஓவியர்களை உருவாக்கும் இடமாகவே இல்லை. மண்பாண்டம், மரச் செதுக்கு அச்சு, உலோக வேலை என்று தொழிற்கலைப் பள்ளியாகத்தான் இருந்தது. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் முளைவிட்ட இடங்களில் இந்தப் பள்ளியின் பட்டறையும் ஒன்று என்றால் இன்று நம்பக் கடினமாக இருக்கும். 1929-இல் தேவி பிரசாத் ராய் சவுத்ரி பொறுப்புக்கு வந்தபிறகுதான் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அவருக்குப் பிறகு 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள்.

இந்தப் பழங்கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்லூரியில் இன்று இருக்கும் பிரிவுகளைப் பார்த்தால் அந்த இரண்டு காலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தெரியும். ஓவியம், சிற்பம், பதிப்போவியம் (தகட்டிலோ கட்டையிலோ உருவாக்கி அச்செடுக்கும் ஓவியம்) ஆகியவை ஒரு பக்கம். காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, செராமிக் வடிவமைப்பு ஆகியவை மறுபக்கம். எல்லாவற்றுக்கும் பட்டம் ஒன்றேதான், பி.எஃப்.ஏ. நான்கு ஆண்டு. ஆனால் ஓவிய மாணவியின் நாளும் செராமிக் மாணவியின் நாளும் ஒன்றுபோல இருக்கவே இருக்காது. ஒருத்தி ஈசல் முன்னால் நின்றுகொண்டிருப்பாள், இன்னொருத்தி முழங்கை வரை களிமண்ணோடு சூளைப் பக்கம் நின்றுகொண்டிருப்பாள்.

அதனால், 'எதை எடுத்தால் நல்லது' என்ற கேள்வியை நான் இப்படித்தான் திருப்பிக் கேட்பேன்: நான்கு வருடம் எந்தப் பொருளோடு மல்லுக்கட்ட உங்கள் மகளுக்குப் பிடிக்கும்? வண்ணமா, மண்ணா, நூலா, செம்புத் தகடா, எழுத்துருவா? பிரிவின் பெயரைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுவதையும், பட்டறையைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஓரளவு நிம்மதியாக இருப்பதையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

முதல் ஆண்டு பெரும்பாலும் எல்லோருக்கும் அடிப்படைப் பயிற்சிதான். பொருள்களை வைத்து வரைவது, ஆளை உட்காரவைத்து வரைவது, இயற்கையைப் பார்த்து வரைவது, வண்ணப் பயிற்சி, களிமண்ணில் சின்ன உருவங்கள், எழுத்து வடிவம், எளிய அச்சு என எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வருவார்கள். பிரிவு எப்போது முடிவாகிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் விண்ணப்பத்திலேயே விருப்ப வரிசை எழுத வேண்டும். சில இடங்களில் அடிப்படை ஆண்டு முடிந்தபிறகு மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரியில் எது என்பதை முதல் வேலையாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் முதல் வகையில் நுழைவதற்கு முன்பே தெரிவு நடந்து முடிந்துவிடுகிறது.

ஓவியப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தது அதுதான். உருவப்படம், முழு உருவ ஆய்வு, கம்போசிஷன், நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம், அக்ரிலிக். வெளியே தெரியாத ஒன்று மட்டும்: கடைசி இரண்டு வருடத்தில் 'நீ என்ன வரைய விரும்புகிறாய்' என்ற கேள்வி வந்து நிற்கும். அதுவரை பார்த்ததை அப்படியே வரைந்து கைதட்டு வாங்கிய பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள். புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைவதுதான் உங்கள் மகளின் பலம் என்றால், அது நல்ல தொடக்கம். ஆனால் இந்தப் பிரிவில் அது மட்டும் போதாது.

பதிப்போவியம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் கேட்பதே இல்லை. அச்சகம் என்று நினைத்துவிடுகிறார்கள். எட்சிங் என்கிற முறையை மட்டும் பாருங்கள். துத்தநாகத் தகட்டை மெருகேற்றி, மேலே மெழுகும் தாரும் கலந்த பூச்சு பூசுவார்கள். ஊசியால் அந்தப் பூச்சைக் கீறி வரைய வேண்டும். பிறகு தகட்டை அமிலத் தொட்டியில் இறக்கினால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். ஐந்து நிமிடம் விட்டால் மெல்லிய கோடு, அரை மணி நேரம் விட்டால் ஆழமான கருங்கோடு. எடுத்துக் கழுவி, மை தேய்த்து, மேற்பரப்பை மெல்லிய துணியால் துடைத்தால் மை பள்ளத்தில் மட்டும் தங்கும். ஈரக் காகிதத்தை வைத்து உருளை அழுத்தியில் இழுத்தால் படம் காகிதத்துக்கு ஏறும், இடவலம் மாறி. எழுத்து இருந்தால் தகட்டில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி எழுதப் பழக வேண்டும். ஒரே தகட்டில் பத்துப் பிரதி எடுத்தால் ஒவ்வொன்றின் அடியிலும் 1/10, 2/10 என்று எண்ணிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இதைத் தவிர மரச் செதுக்கு, சுண்ணாம்புக் கல்லில் செய்யும் லித்தோ, பட்டுத்துணிச் சட்டத்தில் செய்யும் சில்க் ஸ்கிரீன் எல்லாம் இதே பிரிவில் வரும். பொறுமையும் கணக்கான கையும் உள்ள, வேதியியல் மாதிரி விஷயங்களில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. தேவையான அழுத்தியும் அமில அறையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவை என்பதால், படித்து முடித்தபிறகும் ஒரு ஸ்டுடியோவைத் தேடிப் போக வேண்டியிருக்கும். சென்னையில் கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் கலைஞர்களுக்கான ஸ்டுடியோக்கள் இருப்பது அந்த வகையில் ஒரு வசதி.

செராமிக்கும் அப்படித்தான், பெயரைக் கேட்டதும் டைல்ஸ், டீ கப் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மண்ணை மாவு பிசைவதுபோலப் பிசைந்து காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவதில் தொடங்கி, சக்கரத்தில் தூக்குவது, பட்டையாக வெட்டிச் சேர்ப்பது, அச்சில் ஊற்றுவது என்று போகும். நன்றாகக் காயாத ஒரு துண்டு சூளைக்குள் போனால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அது வெடிக்கும். பக்கத்தில் இருந்த நான்கு பேரின் வேலையையும் சேர்த்துக் கெடுக்கும். முதல் சூடு ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ். அதற்குமேல் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சைப் பூசி மறுபடியும் சுட வேண்டும், ஸ்டோன்வேர் என்கிற கெட்டியான பாண்டம் என்றால் 1200-ஐத் தாண்டும். பூசும்போது பார்க்கும் நிறம் வேறு, சூளையிலிருந்து வெளியே வரும் நிறம் வேறு. ஒரே செம்பு உப்பு, சூளைக்குள் காற்று தாராளமாக இருந்தால் பச்சையாகவும், காற்றைக் குறைத்தால் சிவப்பாகவும் வரும். இதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்துப் பரிசோதனை செய்யும் குணம் இருந்தால் இந்தப் பிரிவு பிடித்துப்போகும். உடனுக்குடன் பலன் தெரிய வேண்டும் என்கிற குணம் இருந்தால் சிரமம்தான்.

துணி வடிவமைப்பில் தறி, சாயம், மெழுகு பூசிச் சாயமிடும் பத்திக், சுங்குடி மாதிரிக் கட்டிச் சாயமிடுவது, அச்சுக்கட்டை, திரும்பத் திரும்ப வரும் வடிவத்தை வரைவது ஆகியவை முக்கியம். ஒரு பூவை அழகாக வரைவது அரை வேலைதான். அந்தப் பூ ஒரு சதுரத்துக்குள் அடங்கி, நான்கு பக்கமும் அடுத்த சதுரத்தோடு இடைவெளி தெரியாமல் பொருந்த வேண்டும்; நெசவுக்கான வடிவம் என்றால் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு இழையாகக் குறிக்க வேண்டும். ஃபேஷன் டிசைன் வேண்டும் என்று கேட்டு இங்கே வருபவர்களும் உண்டு. இது துணியை வடிவமைக்கிற படிப்பு. உடை தைப்பது வேறு படிப்பு. இந்தத் துறைக்கும் ஓவிய உலகத்துக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. கும்பகோணத்தில் படித்த ஓவியர் வீர சந்தானம் நெசவாளர் சேவை மையத்தில் பணிபுரிந்தவர்தான்.

சிற்பம் உடல் உழைப்பு அதிகம் கேட்கும் பிரிவு. கம்பியும் கட்டையும் வைத்து எலும்புக்கூடு கட்டி, மேலே களிமண் ஏற்றி, ஈரத்துணி போர்த்திப் போர்த்தி வாரக்கணக்கில் வேலை நடக்கும். பிறகு பிளாஸ்டர் அச்சு எடுத்து ஃபைபரிலோ சிமெண்டிலோ வார்ப்பார்கள். கல், மரம், உலோகம் எல்லாம் வரும். பெண் பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதைக் காதில் வாங்க வேண்டாம்.

அதிகப் போட்டி இருப்பது காட்சிவழித் தகவல் வடிவமைப்புக்கு. காரணம் எளிது, அதற்குத்தான் கண்ணுக்குத் தெரிகிற வேலை இருக்கிறது. எழுத்துருவாக்கம், சுவரொட்டி, புத்தக அட்டை, பேக்கேஜிங் வடிவமைப்பு, விளக்கப்படம், புகைப்படம், ஒரு பொருளுக்கான முழு விளம்பரத் தொடர் என்று பாடங்கள் இருக்கும். கணினி வரும், ஆனால் கொஞ்சம் தாமதமாக. மென்பொருள் கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் அதற்கு நான்கு வருடம் தேவையில்லை; ஆறு மாதப் பயிற்சி போதும். இந்தப் பிரிவு தருவது வேறு: ஒரு தாளில் எந்த எழுத்தை எங்கே எவ்வளவு பெரிதாக வைத்தால் கண் முதலில் எங்கே போகும் என்கிற அறிவு. குறிப்பாகத் தமிழ் எழுத்தை வைத்து வேலை செய்யத் தெரிந்த வடிவமைப்பாளர்கள் இன்றும் குறைவு. மேல் கொம்பும் கீழ்ச் சுழியும் உள்ள எழுத்துகளுக்கு வரி இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் அச்சான அட்டைகளைத் தினமும் பார்க்கிறோம்.

இவை தவிர எல்லாப் பிரிவுக்கும் எழுத்துத் தாள்கள் உண்டு: இந்தியக் கலை வரலாறு, மேலைக் கலை வரலாறு, அழகியல், அந்தந்தத் துறையின் செய்முறைக் கோட்பாடு. வரைந்தால் மட்டும் போதும், படிக்கத் தேவையில்லை என்று நினைத்து வருகிற பிள்ளைகள் அரியர் வைப்பது பெரும்பாலும் இவற்றில்தான்.

அப்புறம், சென்னை மட்டுமே ஊர் இல்லை. கும்பகோணத்தில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1887-இல் கைத்தொழில் பள்ளியாகத் தொடங்கியது. அங்கேயும் அதே பட்டம். பிரிவுகள் சென்னையைவிடக் குறைவு; ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு ஆகியவை இருக்கின்றன. சென்னையில் காட்சிக்கூடங்களும் விளம்பர நிறுவனங்களும் பக்கத்தில் என்றால், இங்கே பக்கத்தில் இருப்பது சுவாமிமலை. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகக் கலவையை ஊற்றும் வேலை அங்கே இன்றும் பட்டறைகளில் நடக்கிறது. சிற்பத்தில் ஆர்வம் இருக்கும் பிள்ளைக்குக் கும்பகோணம் இரண்டாம் தெரிவு அல்ல என்பது என் கருத்து. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் குறைவு என்பதும் கணக்கில் சேரும்.

மாமல்லபுரத்தில் உள்ள அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி முற்றிலும் வேறு வழி. 1957-இல் தொடங்கப்பட்டது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய வை. கணபதி ஸ்தபதி நீண்ட காலம் இங்கே முதல்வராக இருந்தார். கோயில் கட்டடக்கலைக்கு மரபுக் கட்டடக்கலையில் பி.டெக்., மரபுச் சிற்பத்திலும் மரபு ஓவியத்திலும் பி.எஃப்.ஏ. என்று படிப்புகள். கல், சுதை, மரம், உலோகம் என்று சிற்பத்திலேயே தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இங்கே தாளம் என்கிற உருவ அளவு முறை, முத்திரை, ஆயுதங்கள், தியான சுலோகம் என்று ஆகம, சிற்ப நூல்களின் இலக்கணத்துக்குள் வேலை செய்யப் பழக்குவார்கள். 'என் மனசில் தோன்றியதை வரைவேன்' என்கிற பிள்ளைக்கு மூச்சு முட்டும். ஒழுங்கும் நுணுக்கமும் பிடித்த பிள்ளைக்கு இதற்கு ஈடான இடம் நாட்டிலேயே அரிது. தமிழ்நாட்டில் கோயில் திருப்பணி நிற்காத வரை வேலைக்கும் குறைவில்லை. வெளிநாடுகளில் கோயில் கட்டுகிறவர்களும் இங்கே படித்தவர்களைத் தேடுகிறார்கள்.

2013-இல் தொடங்கப்பட்ட இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தின் (இப்போது டாக்டர் ஜெ. ஜெயலலிதா பெயரில் இருக்கிறது) கீழ் இந்த மூன்று கல்லூரிகளும் வருகின்றன. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களின் அரசு இசைக் கல்லூரிகளும் அதன் கீழ்தான். ஆகவே அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பார்க்கும்போது இசை, நடனப் படிப்புகளும் கலந்து இருக்கும், பயந்துவிடாமல் பி.எஃப்.ஏ. பகுதியை மட்டும் தேடுங்கள். புதுச்சேரியில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கேயும் காட்சிக்கலையில் பி.எஃப்.ஏ. உண்டு. சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் பி.வி.ஏ. என்கிற காட்சிக்கலை இளநிலைப் பட்டம் இருக்கிறது, பெண்கள் கல்லூரி. பி.வி.ஏ., பி.எஃப்.ஏ. என்று பட்டத்தின் பெயர் மாறுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனியார் நிறுவனம் எதையாவது யோசித்தால் மட்டும், பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம் எது, அது யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அழகான பிரசுரத்தில் 'டிகிரி' என்று போட்டுவிட்டு உள்ளே டிப்ளமோ கொடுக்கிற இடங்கள் உண்டு.

மகளை வெளியூர் அனுப்பத் தயங்கவில்லை என்றால் இன்னும் சில பெயர்கள். சாந்திநிகேதனின் கலாபவன் 1919-இல் தொடங்கியது. மரத்தடியில் உட்கார்ந்து வரைகிற மரபு இன்னும் இருக்கிற இடம். பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலம் விவாதத்துக்கும் வாசிப்புக்கும் பெயர் பெற்றது. கலை வரலாற்றையே இளநிலையில் முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டும் என்றால் இந்த இரண்டு இடங்களையும் முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் அதற்கு வழி மிகக் குறைவு. வரையவும் பிடிக்கும், அதைவிட அதிகமாகப் படங்களைப் பற்றிப் படிக்கவும் எழுதவும் பிடிக்கும் என்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல பாதை. மும்பையின் ஜே.ஜே. கலைப் பள்ளி 1857-இல் தொடங்கியது. விளம்பரக் கலைக்கு அங்கே வலுவான மரபு உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகம், டெல்லி கலைக் கல்லூரி, பெங்களூருவின் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆகியவையும் பார்க்கத் தக்கவை. சிலவற்றுக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுதிவிட்டுப் பிறகு செய்முறைத் தேர்வுக்கும் போக வேண்டும். அதனால் +2 பொதுத்தேர்வுக்கு முன்பே விண்ணப்பக் காலம் முடிந்துவிடலாம்.

பி.டெஸ். என்கிற வடிவமைப்புப் பட்டம் வேறு குடும்பம். அகமதாபாத் என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), சென்னை தரமணியில் வளாகம் வைத்திருக்கும் நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்), யூசீட் தேர்வு வழியாகச் சேரும் ஐ.ஐ.டி.கள் எல்லாம் இதில் வரும். இங்கே வரைதலைவிடச் சிக்கலைத் தீர்க்கும் யோசனைக்கு மதிப்பெண் அதிகம். கட்டணமும் அரசு ஓவியக் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு அதிகம். வேலைக்கான ஏற்பாடு, கம்பெனிகள் வளாகத்துக்கு வருவது எல்லாம் இங்கே உண்டு. ஓவியக் கல்லூரியில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

நுழைவுக்கான திறனறித் தேர்வுக்கு வருகிறேன். பொதுவாக எங்கும் கேட்கப்படுபவை மூன்று: முன்னால் வைத்திருக்கும் பொருள்களைப் பார்த்து வரைவது, தலைப்பு கொடுத்து நினைவிலிருந்து ஒரு காட்சியை வரைவது, வண்ணத்தில் ஒரு வடிவமைப்பு. பானை, வாழைப்பழம், மடித்துப் போட்ட துணி மாதிரி எதையாவது வைத்திருப்பார்கள். இதில் தேர்வாளர் பார்ப்பது வாழைப்பழம் வாழைப்பழம் மாதிரி இருக்கிறதா என்பதை மட்டும் அல்ல. தாளில் எங்கே வைத்திருக்கிறாள், பானையின் வாய் வட்டம் சரியான நீள்வட்டமாகத் தெரிகிறதா, பானைக்கும் பழத்துக்கும் உள்ள அளவு விகிதம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது எல்லா நிழலிலும் ஒத்துப்போகிறதா. நினைவிலிருந்து வரைவதில் பேருந்து நிலையம், சந்தை, திருவிழா போன்ற கூட்டக் காட்சிகள் தலைப்பாக வரும். கூட்டம் என்றதும் இருபது தலைகளை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். முன்னால் இரண்டு பேர் பெரிதாக, ஒருவர் குனிந்து மூட்டை தூக்குகிறார், பின்னால் மற்றவர்கள் சிறிதாக என்று அடுக்குபவர்களின் தாள் தனியாகத் தெரியும். உங்கள் மகளுக்கு இப்போது தேவைப்படும் பயிற்சி இதுதான்: கைபேசியைப் பார்த்து வரைவதை நிறுத்திவிட்டு, தினமும் வெளியே உட்கார்ந்து நடமாடுகிற மனிதர்களை இரண்டு இரண்டு நிமிடத்தில் கோடாகப் பிடிப்பது. ஒரு நோட்டு முழுக்க அப்படி இருந்தால், நேர்காணல் இருக்கும் கல்லூரிகளில் அந்த நோட்டே பேசிவிடும். நடிகர்களின் முகத்தை ஷேடிங் செய்து சட்டம் போட்டு எடுத்துப்போவது அவ்வளவாக எடுபடாது.

வேலை பற்றி நேராகவே சொல்கிறேன். பட்டம் வாங்கிய மறுநாள் சம்பளம் என்கிற உறுதி காட்சிவழித் தகவல் வடிவமைப்புக்கும், ஓரளவு துணி வடிவமைப்புக்கும்தான் நெருக்கம். விளம்பரம், பதிப்பகம், பத்திரிகை, செயலி வடிவமைப்பு, அனிமேஷன், சினிமா கலைத்துறை, திருப்பூர், கரூர் ஏற்றுமதி நிறுவனங்கள் என்று வழிகள் உள்ளன. ஓவியம், சிற்பம், பதிப்போவியம் படித்தவர்களில் ஓவியம் விற்று மட்டும் வாழ்பவர்கள் சிலரே. பெரும்பாலோர் ஒரு கையில் வருமானத்துக்கு ஒரு வேலையும் மறுகையில் தங்கள் சொந்த வேலையுமாக இருக்கிறார்கள். பள்ளி ஓவிய ஆசிரியர் வேலை இன்னும் பலருக்கு நங்கூரமாக இருக்கிறது. அரசுப் பள்ளிப் பணிக்கு ஆசிரியர் பயிற்சித் தகுதியும் கேட்பார்கள். எந்த அறிவிப்பில் எந்தச் சான்றிதழ் என்பது மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த நேரத்து அறிவிப்பைப் பார்ப்பதே சரி. கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்றால் எம்.எஃப்.ஏ. என்கிற முதுநிலைப் பட்டம் முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் காட்சிக்கலைத் தாளைத் தேற வேண்டும்.

பிரிவின் பெயர் ஆளைக் கட்டிப்போடுவதும் இல்லை. ஓவியம் படித்த கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த கோட்டோவியங்களால் பெயர் பெற்றார்; தமிழ்ப் பத்திரிகைகளின், புத்தகங்களின் முகத்தையும் மாற்றினார். டிராட்ஸ்கி மருது ஓவியத்திலிருந்து அனிமேஷனுக்கும் திரைப்படத்துக்கும் போனார். நடிகர் சிவகுமாரும் இதே எழும்பூர் வளாகத்தில் ஓவியம் படித்தவர்தான் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைச் சம்மதிக்க வைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

செலவைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் உங்களைப் பயமுறுத்தாது. செலவு பொருள்களில்தான் இருக்கிறது. கேன்வாஸ், வண்ணம், தூரிகை, நல்ல காகிதம், மூன்றாம் ஆண்டில் கேமரா அல்லது கணினி என்று மாதா மாதம் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். கட்டணத்துக்கு ஒதுக்கும் பணத்தைவிடப் பொருள்களுக்கு அதிகம் ஒதுக்கிவையுங்கள். முதல் வருடமே விலை உயர்ந்த இறக்குமதி வண்ணப் பெட்டி வாங்கித் தர வேண்டாம். அடிப்படைப் பயிற்சியில் பென்சிலும் கரியும் போஸ்டர் கலரும்தான் அதிகம் தீரும்.

விண்ணப்ப அறிவிப்பு பொதுவாக +2 முடிவுகளை ஒட்டித்தான் வரும். அதற்குள் ஒரு வேலை நாளில் மகளை அழைத்துக்கொண்டு எழும்பூர் வளாகத்துக்குப் போய், வாயிலில் அனுமதி கேட்டு, ஒவ்வொரு பிரிவின் பட்டறையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஆண்டுக் கண்காட்சி நடக்கும் சமயமாக இருந்தால் இன்னும் நல்லது. மாணவர்களே பக்கத்தில் நின்று விளக்குவார்கள். அவர்களிடம் மகளை இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் பிரிவில் இப்போது வேலை செய்யும் நிலையில் இருக்கும் கருவிகள் எவை, எல்லாத் தாள்களுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா? இந்த இரண்டுக்கும் எந்தப் பிரசுரத்திலும் பதில் இருக்காது. சூளை பழுதாகிக் கிடக்கும் வருடத்தில் செராமிக்கையும், அழுத்தி ஓடாத வருடத்தில் பதிப்போவியத்தையும் முதல் விருப்பமாக எழுதுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.